மலைவீட்டின் முழுவிலை

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாதன என்பர். இம்மூன்றனுள், உண்டி ஒருவேளை தவறாயின் மறுவேளை திருத்திக்கொள்ளலாம். உடை பொருந்தாதாயின் வேறொன்று தைத்துக்கொள்ளலாம். உறையுளோ அத்தகையதன்று. ஓரிடத்தைத் தேர்ந்து, கைப்பொருளையெல்லாம் அதில் இட்டு, போதாததற்குக் கடனும் பெற்றுக் குடிபுகுந்தான் ஒருவன், அவ்விடம் தனக்கு ஒவ்வாதென்று மறுநாளே எழுந்துபோதல் இயலாது. இருபதாண்டுத் தவணை அவனை அங்கேயே பிணித்துவிடும். திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தார். அவை பகைமேற் செல்லும் வேந்தனுக்கென அமைந்தனவேனும், வீடு வாங்கச் செல்லும் குடிமகனுக்கும் அம்முறை பொருந்துவதே.

இந்நாளில் நம் கல்லூரியிற் பயின்று, சென்னை, பெங்களூர் முதலிய நகரங்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணியாற்றும் பெரியோர் பலர், சேர்வராயன் மலையில் ஏற்காட்டிலே ஒரு வீடு வாங்கிக் குடியேறலாமா என எண்ணி வருகின்றனர். யான் அம்மலையிற் காபித்தோட்டக் கணக்கர் ஒருவரின் மகன். பழைய மாணவர் கூட்டத்திற்கு வருவோர், என் ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் வினவுவது, "தம்பி, அங்கே சென்ட் என்ன விலை?" என்பதே. அவ்வினாவுக்குத் தரகர் எளிதில் விடை கூறுவர். ஆயினும் சென்ட் விலை மலைவீட்டின் விலையில் ஒரு கூறே என்பதும், முழுவிலையையும் கணக்கிட்டால் ஆண்டு முழுதும் அங்கு உறைவார்க்கன்றிப் பூட்டிவைப்பார்க்கு அவ்வீடு தகாது என்பதும் என் கருத்து. அதற்குரிய காரணங்களை ஈண்டு முறையே கூறுவேன்.

முதற்கண் ஏற்காடு இத்துணை விரும்பப்படுவது ஏன் என்று காண்போம். கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இவ்வூர் உள்ளது. சேலம் நகரமோ முந்நூறு மீட்டருக்கும் சற்றுத் தாழ்ந்தே கிடக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது இயற்கை நூலார் கணக்கு. ஆகவே, சேலத்தார் வெயிலில் வாடும் சித்திரையிலும் ஏற்காட்டார் எட்டுப் பாகை குறைந்த குளிர்ச்சியில் வாழ்கின்றனர். 1820-களில் சேலம் ஆட்சித்தலைவராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையிற் காபிப் பயிரைக் கொணர்ந்தார். அவருக்குப்பின் தோட்டக்காரரும், ஓய்வை நாடிய வெள்ளையரும், பள்ளி நடத்திய துறவியரும் ஏறி வந்தனர். மாண்ட்போர்ட் பள்ளி 1917-இல் தோன்றியது. உதகையினும் செலவு குறைந்ததாதலின் 'ஏழைகளின் ஊட்டி' என்றொரு பெயரும் ஏற்காட்டுக்கு வழங்கலாயிற்று. அப்பெயர் இனியும் பொருந்துமோ என்னும் ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

இனி, வலியறிதல். ஈண்டு வலியென்றது பணவலியை. கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்கமாட்டாமல் ஊரார் நகைக்கு இலக்கானவனைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமை லூக்கா சுவிசேஷத்தில் உள்ளதை நாம் அறிவோம். உட்கார்ந்து கணக்கிடுதல் அவமானமன்று, கணக்கிடாமையே அவமானம். ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். ஒருவர் மலையில் 50 இலட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு வாங்குகிறார் எனக் கொள்வோம். பத்திரத்திற் காட்டிய விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு இவ்விரண்டில் மிக்கதன்மேல், முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2, ஆக நூற்றுக்கு 9 செலுத்தல் வேண்டும், அது 4.5 இலட்சம். (பதிவுக் கட்டணம் 2017-இல் நூற்றுக்கு 4 ஆக உயர்ந்து, 2023-இல் 2 ஆகக் குறைந்தது. குறைந்த அப்பொழுதே வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டமையால், கட்டணம் குறைந்ததென்று மகிழ்ந்தவர் மதிப்பு ஏறியதையும் நோக்கவேண்டியவராயினர்.) மொத்தம் 54.5 இலட்சத்தில் 24.5 இலட்சத்தைக் கைப்பொருளாகக் கொடுத்து, எஞ்சிய 30 இலட்சத்தை ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வட்டியில், இருபதாண்டுத் தவணையிற் கடன் பெறுவாராயின், மாதத் தவணை ஏறக்குறைய 27,000 ரூபாய். இருபதாண்டிற் செலுத்துவது 64.8 இலட்சம். கைப்பொருளையும் கூட்டின், 50 இலட்சத்து வீட்டின் விலை 89 இலட்சத்தைக் கடந்துவிடுகிறது.

இக்கணக்கு எவ்வூர் வீட்டுக்கும் பொருந்துமன்றோ என்று வினவலாம். பொருந்தும், மலைவீட்டுக்கோ இதன்மேலும் சில உண்டு. செங்கல், மணல், சிமெண்டு, கம்பி யாவும் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து லாரியில் ஏறிவரல் வேண்டும். ஒவ்வொரு வளைவும் வாடகையிற் சேரும். சரிவில் வீடு கட்டுவோர் வீட்டுக்கு முன்னரே தாங்குசுவர் கட்டல் வேண்டும். பனியும் மழையும் ஈரமும் சுவரை அரித்தலின் வெள்ளையடிப்பும் மரவேலையும் அடிக்கடி நேரும். வீட்டார் இல்லாக் காலத்தில் காவற்காரர் சம்பளம் வேறு. இவற்றையெல்லாம் விடுத்துத் தவணை ஒன்றையே நோக்கினும், ஆண்டொன்றுக்கு 3,24,000 ரூபாய் ஆகின்றது. கோடை விடுமுறையில் ஒரு திங்கள் மட்டும் வந்து தங்கும் குடும்பத்தார்க்கு, ஓரிரவு தங்குதற்கு 10,800 ரூபாய் என்று இது வந்து நிற்கும். அத்தொகையில் நல்ல விடுதியிலேயே தங்கி, விருந்துண்டு திரும்பலாம். ஆண்டு முழுதும் உறைவார்க்கு அதே வீடு நாளொன்றுக்கு 900 ரூபாய்க்கும் குறைவாகவே அமையும். வீடு ஒன்றே, விலையை ஏற்றுவதும் இறக்குவதும் கதவின் பூட்டேயாகும்.

அடுத்தது காலமறிதல். வீடு காண வருவோர் பெரும்பாலும் மே மாதக் கோடை விழாவின்போதோ, தை மாசித் திங்கள்களில் வானம் தெளிந்திருக்கும்போதோ வருகின்றனர். மணப்பெண்ணை மணக்கோலத்திற் கண்டு மதிப்பிடுதல் போன்றது இது. ஐப்பசி கார்த்திகை மழையில் அவ்வீட்டைக் கண்டவரே அதனை அறிந்தவராவர். 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையால் ஏற்காட்டு மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்துத் தடைப்பட்டது. அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை என்னும் ஊர்களை மலைச்சரிவு விழுங்கிய துயரம் நாடறிந்தது. ஏற்காடும் வயநாடும் ஒன்றென்று கூறி யாரையும் அச்சுறுத்துதல் என் நோக்கமன்று. ஆயினும், சரிவை வெட்டிச் சமனாக்கிய மனையில், நீர் ஓடும் வழியை அடைத்துக் கட்டிய வீட்டை வாங்குவோர், அந்நீர் இனி எவ்வழி ஓடும் என்று கேட்டறிதல் கடமை.

மழையிற் பாதை எங்ஙனமோ அங்ஙனமே கோடையில் நீர். இம்மலை சார்னோக்கைட் என்னும் கடும்பாறையால் ஆயது. அப்பாறைக்குள் நீர் வெடிப்புகளில் மட்டுமே தங்கும். ஆதலின், ஓரிடத்து ஆழ்துளைக் கிணற்றில் நீர் பொங்க, அடுத்த மனையிற் புழுதியே வருதலும் உண்டு. "கிணறு உண்டு" என்னும் தரகர் சொல்லைக் கேட்டு அமையாது, "சித்திரையில் அதில் நீர் உண்டோ?" என்று அயல்வீட்டாரைக் கேட்டல் வேண்டும்.

வாங்குவாருடைய வயதும் காலமறிதலுள் அடங்கும். அறுபதில் ஏறும் படிகள் எழுபத்தைந்தில் ஏறுதற்கு அரியன. கடும்நோய் நேர்ந்துழி, பெரிய மருத்துவமனையாகிய அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சேலத்தில் உள்ளது. அங்குச் செல்ல ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் மலைப்பாதையும் ஊர்ப்பாதையும் கடத்தல் வேண்டும். நள்ளிரவில் பனிமூட்டத்தில் அப்பாதை எத்தகையது என்பதை அம்மலையில் வாழ்வார் அறிவர்.

மூன்றாவது, இடனறிதல். ஏற்காடு என்று ஒரு சொல்லால் வழங்கினும், அங்கு இடத்துக்கு இடம் வேற்றுமை மிகுதி.

ஒண்டிக்கடைச் சந்தியும் ஏரிக்கரையும் ஊரின் நடுவிடங்கள். கடை, பேருந்து, பள்ளி, கோவில்கள் யாவும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. முதியோர்க்கும் வண்டியில்லார்க்கும் இதுவே ஏற்றது. விடுமுறை நாட்களில் வண்டிகளின் இரைச்சலும் நெருக்கமும் இதன் குறைகள்.

லேடி சீட், பகோடா பாயிண்ட் முதலிய காட்சிமுனைகளை ஒட்டிய இடங்கள் விலையில் உயர்ந்தன. அங்கு விற்கப்படுவது மண்ணன்று, காட்சியே. காட்சியோ அடுத்த மனையில் மூன்றடுக்கு மாடி எழும்பும் வரையில்தான் நமக்கு உரியது. பத்திரத்தில் அதற்கு இடமில்லை.

நாகலூர், வாழவந்தி, வெள்ளக்கடை முதலிய மலைச் சிற்றூர்களின் பக்கம், காபியும் மிளகும் சூழ்ந்த அமைதியும் குறைந்த விலையும் உள்ளன. ஆயினும் வண்டியின்றி ஒருநாளும் கழியாது. அன்றியும், தோட்டங்களைத் துண்டாடி விற்கும் மனைகளில் அங்கீகாரம் பெற்றவை எவை, பெறாதவை எவை என்று நன்கு நோக்கல் வேண்டும். மலைநிலத்துக்குச் சமநிலத்தினும் கடுமையான விதிகள் உண்டு. மலைப்பகுதி மரங்களைக் காத்தற்கு 1955-இல் எழுந்த தனிச்சட்டமும் உண்டு. மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுதலோடு, அந்நிலம் அரசு மலைவாழ் மக்களுக்கு நிபந்தனையுடன் ஒப்படைத்த நிலமோ என்றும் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் ஆராய்தல் வேண்டும். அத்தகைய நிலத்தை வாங்குதல் சட்டத்துக்கும் அறத்துக்கும் ஒருங்கே மாறானது.

இனி மலையடிவாரம். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பாதையில் கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி, அடிவாரம் என்னும் இடங்கள் உள்ளன. மலையின் குளிர்ச்சி இங்கு இல்லை. மலையின் காட்சி உண்டு. நகரின் மருத்துவமும் கல்லூரிகளும் கைக்கெட்டும் தொலைவில் உண்டு. சேலத்துச் செல்வர் வாழும் பகுதியெனப் பெயர்பெற்ற ஃபேர்லேண்ட்ஸ், அதனை அடுத்த அழகாபுரம் ஆகியவற்றை நோக்க, அடிவாரத்தில் இடம் விரிவு. ஃபேர்லேண்ட்ஸில் வசதி விரிவு. பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பவேண்டிய குடும்பத்தார்க்கும், மாதந்தோறும் மருத்துவரைக் காணவேண்டியவர்க்கும், மலைமேல் வீட்டினும் அடிவாரத்து வீடே மேலென்பேன். மலையில் இரண்டு நாள் தங்க வேண்டின் காலையிற் புறப்பட்டு மதியத்திற்குள் சென்றுவிடலாமே!

இடத்தின் நன்மை தொலைவைப் பொறுத்ததன்று, வழியைப் பொறுத்தது என்பதற்கு மாணவருலகம் அறிந்த சான்று ஒன்றுண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி நகர நடுவிடத்தை விட்டு 1937-இல் தாம்பரத்துக் காட்டிடத்துக்குப் பெயர்ந்தது. அதற்கு ஆறாண்டுகட்கு முன்னரே, 1931-இல், சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரெயில் ஓடத் தொடங்கிவிட்டது. காட்டின் அமைதியும் கிடைத்தது, நகரின் தொடர்பும் அறவில்லை. வீடு தேடுவோரும் வழி உள்ள இடத்தைத் தேடுதல் வேண்டும். வழி பின்னர் வரும் என்னும் சொல்லை நம்பலாகாது.

இம்மூன்றையும் அறிந்தபின், வள்ளுவர் அறத்துப்பாலில் வைத்த ஒப்புரவறிதல் என்பதையும் நோக்கல் வேண்டும். நாம் குடியேறும் இடம் ஆளில்லாப் பாழ்நிலம் அன்று. மலையாளி எனப்படும் பழங்குடியினர் பன்னெடுங்காலமாக வாழ்ந்துவரும் நாடு அது. (கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் மலையை ஆள்பவர் என்னும் பொருளில் இப்பெயர் கொண்ட தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.) தோட்டத் தொழிலாளர், கடைக்காரர், ஆசிரியர், ஓட்டுநர், சமையற்காரர் முதலியோரும் அங்குளர். வெளியூரார் வீட்டை மும்மடங்கு விலைக்கு வாங்கும்போது, வாடகைக்கு இருந்தோர் வெளியேறுகின்றனர். எங்கள் குடும்பம் ஒன்பதாண்டுகள் வாடகைக்கு வாழ்ந்த வீடு கைமாறித் தங்குவிடுதியாயிற்று. என் தந்தையார் தோட்டத்திற்குச் செல்லும் வழி அன்று முதல் எட்டு கிலோமீட்டர் நீண்டது. வாங்கினவர் எவ்விதிக்கும் மாறு செய்தவரல்லர். எங்களிடம் இன்சொல்லே கூறினார். ஆயினும் அவ்வீட்டின் விலையில் ஒரு பகுதியை நாள்தோறும் பதினாறு கிலோமீட்டராகச் செலுத்தி வருபவர் என் தந்தையார். இக்கணக்கு எப்பத்திரத்திலும் ஏறாது.

"புதியோர் வருகையால் ஊரார்க்குப் பிழைப்புக் கிடைக்கிறதன்றோ?" என்று சிலர் மறுத்துரைப்பர். மெய்யே. கொத்தரும் தச்சரும் தோட்டக்காரரும் கடைக்காரரும் பயனடைவதை யான் மறுக்கவில்லை. ஆனால் அப்பயனைத் தருவோர் யாவர்? நாள்தோறும் காய்கறி வாங்குவோர், பிள்ளைகளை ஊர்ப்பள்ளியிற் சேர்ப்போர், குழாயில் நீர் வாராதபோது ஊராரோடு கூடி ஊராட்சி அலுவலகம் செல்வோர் ஆகிய குடியிருப்போரேயாவர். பத்துத் திங்கள் பூட்டிக்கிடக்கும் வீடு ஒருபடி அரிசியும் வாங்குவதில்லை. ஆயினும் ஒரு குடும்பம் வாழவேண்டிய இடத்தை அது அடைத்துக்கொண்டிருக்கிறது. இவ்வேறுபாட்டை மறந்து புதியோர் அனைவரையும் ஒருசேரப் புகழ்தலும் தகாது, ஒருசேர இகழ்தலும் தகாது.

முற்காலத்திலும் அயலார் இம்மலைக்கு வந்தனர். அவருள் இருவரை நினைவுகூர்தல் தகும். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகம மொழிபெயர்ப்பிற் பணியாற்றியவரும், ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில விளக்கத்தோடு வெளியிட்டவருமாகிய பெர்சிவல் ஐயர் 1882-இல் ஏற்காட்டிலே காலமானார். அவர்தம் மருகரும், 1863-இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்திய வரலாற்றின் தொடக்கத்தையே பின்னுக்குத் தள்ளியவருமாகிய இராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்காலத்தில் இம்மலையில் வாழ்ந்தார். இன்று அவர்கள் இருந்த மனையின் விலையை யார் கேட்கின்றனர்? அவர்களுடைய நூலும் ஆராய்ச்சியுமே நிலைத்தன. ஓரிடத்திற் குடியேறினவன் அவ்விடத்துக்கு உரியவனாவது பத்திரத்தால் மட்டுமன்று, வாழ்வாலும் உழைப்பாலுமாம்.

இவ்வளவும் கூறியது, மலைக்கு வாராதீர் என்றற்கன்று. அறிந்து வாரீர் என்றற்கே. பெரியோர் திருமுன் இளையேன் வைக்கும் வேண்டுகோள்கள் நான்கு. முதலாவது, வாங்குமுன் ஓராண்டு வாடகைக்கு இருந்து, ஆறு பருவத்தையும் அம்மலையிற் கழித்துப் பாருங்கள். அவ்வாடகை வீணன்று, பேரிழப்புக்குப் பெற்ற காப்புறுதி. இரண்டாவது, புதுச்சரிவை வெட்டி வீடு எழுப்புதலினும், முன்னரே நின்று பல மழைகளைத் தாங்கிய வீட்டைப் புதுப்பித்தல் செலவிலும் அறத்திலும் மேலானது. மூன்றாவது, ஆண்டில் ஒரு திங்கள் மட்டும் தங்குவதாயின் வாங்காது விடுங்கள். அப்பணத்தின் வட்டியிலேயே ஆண்டுதோறும் விருந்தினராக வந்து செல்லலாம். முன்னரே வாங்கிவிட்டவர், ஊரிற் பணிபுரியும் ஒரு குடும்பத்துக்கு அவ்வீட்டைத் தக்க வாடகைக்கு விட்டு, தமக்கென ஓரறையை வைத்துக்கொள்ளலாம். நான்காவது, விலை பேசுமுன் அயல்வீட்டுக் கதவைத் தட்டி, அங்குள்ளாரோடு ஒரு கோப்பை காபி அருந்துங்கள். நீர், பாதை, மழை, வழக்கு யாவற்றைப் பற்றியும் தரகர் ஒரு திங்களிற் கூறாததை அவர் அரைமணியிற் கூறுவர்.

'ஏழைகளின் ஊட்டி' என்னும் பெயரை ஏற்காடு இன்னும் இழந்துவிடவில்லை. இழவாமற் காப்பது வாங்குவார் கையிலும் விற்பார் கையிலும் உள்ளது. எனவே, அடுத்த பழைய மாணவர் கூட்டத்தில், சென்ட் என்ன விலை என்று கேட்பதற்கு முன்னர், அங்கு அயலார் யாவர் என்று கேட்பீராக. அவ்வினாவுக்கு விடை கூற யான் பெரிதும் விரும்புவேன்.